சிரட்டையில் பதினைந்து

சண்முகையா இறந்த மூன்றாம் நாள் ஆடித்தபசு, அம்மன் கோயில் திருவிழாவின் உச்ச நாள். அன்று காலையிலும் அவர் மனைவி பேச்சித்தாய் மாத்திரை வாங்க மறுத்துவிட்டாள். மகள் வள்ளி செம்பும் கையுமாகக் கட்டிலருகே நின்றாள்.

"வாயத் திறம்மா."

"நீயே தின்னு. எனக்கு எதுக்கு?"

இதய வால்வு பழுதாகி ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவள். இரண்டு வெள்ளை மாத்திரைகளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று விலங்கியல் படித்த வள்ளிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அப்படியே கிடந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு சிரட்டை. அதில் பதினைந்து புளியங்கொட்டைகள்.

பெண்டாட்டி எழுந்து நடமாட வேண்டும் என்று சண்முகையா நூற்றியொரு ஆடிச்சுற்று நேர்ந்து, சுற்றுக்கு ஒன்றாக அத்தனை கொட்டைகளைச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தார். கொடியேறிய நாள் முதல், வத்தல் கடையில் வேலை முடிந்ததும் கோயிலைப் பதினொரு முறை சுற்றிவிட்டு வருவார். வந்து கட்டிலருகே உட்கார்ந்து, அன்று சுற்றிய கணக்குக்குச் சிரட்டையிலிருந்து கொட்டைகளை எடுத்து வாசலில் எறிவார். கடையில் அவர் எடை போடுகிறவர். அங்கே முதல் எண்ணை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். லாபம், ரெண்டு, மூணு.

"கால் வலிக்கலையா?" என்பாள் பேச்சித்தாய்.

"அத அம்மனுல்லா வாங்கிக்கிடுதா. நான் சும்மா நடக்கேன்."

எட்டாம் நாள் ஒன்பது வரை எண்ணினார். கை சிரட்டைக்குள் இருந்தது. பத்து என்று சொல்லவில்லை. தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்தது. களைப்பு என்று நினைத்து, பேச்சித்தாய் அவர் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள், வள்ளி காப்பி கொண்டு வரும்வரை.

"எனக்காக நடந்துதான் போய்ச் சேர்ந்தாக. நேர்ச்சையும் கொறையாக் கெடக்கு. இன்னைக்கோட தபசு முடிஞ்சிரும். இனி மாத்திரை என்ன செய்யும்?" என்றாள் பேச்சித்தாய் இப்போது.

"மிச்சத்த நான் சுத்துதேம்மா."

"தீட்டோட கோயிலுக்குள்ள போவியாட்டி?"

"உள்ள போகல. ரதவீதி நாலையும் சுத்துதேன். கோயில் அதுக்குள்ளதான இருக்கு."

பேச்சித்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பதினஞ்சும் சுத்திட்டு வந்தா முழுங்குவியா?"

"சுத்திட்டு வா. பாப்போம்."

பக்கத்து வீட்டு இசக்கியம்மாளைத் துணைக்கு உட்கார வைத்தாள். "கருமாதி கழியல. கல்யாணம் ஆகாத கொமரு தெருவில எறங்குனா ஊரு என்ன பேசும்?" என்றாள் இசக்கியம்மாள். வள்ளி கொட்டைகளைத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள்.

ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை. முதல் சுற்று முடிந்து எறிந்தபோது உதடு தானாக லாபம் என்றது. செருப்பில்லாத காலில் மணல் குத்தியது. மேல ரதவீதியில் தண்ணீர் அடிக்கும் பம்பு வந்தது. அம்மாவின் சேலைகளை அப்பா அங்கேதான் துவைப்பார்; பார்க்கிற ஆண்கள் கேலி பேசுவார்கள்.

"வே சண்முகையா, அந்தச் சேலை உமக்கு நல்லாத்தான் இருக்கும். கட்டிப் பாரும்."

"கட்டுனா ஒம்ம பெண்டாட்டிக்குப் பொறாம வந்துரும் வே."

எழுபத்தாறாம் வருஷம் அவளைக் கல்லூரியில் சேர்த்த அன்று, விடுதி வாசல்வரை வந்தார். அவளுடைய பென்சில்களை எல்லாம் வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அந்தப் பென்சிலால்தான் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்தாள். அவருடைய இதயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கீழ ரதவீதிப் பலசரக்குக் கடைத் துரைப்பாண்டி மூன்றாவது சுற்றில் கண்டுகொண்டார்.

"ஏட்டி, சண்முகையா மகதான நீ? அப்பன் சாம்பல் ஆறல, அதுக்குள்ள தபசு பாக்க வந்தாச்சோ?"

மூன்று வருஷக் கல்லூரியில் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டதில்லை அவள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அடுத்த சுற்றில் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எட்டாவதில் பேசவில்லை. பத்தாவதில் கடையை விட்டு இறங்கி வந்து ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். வாங்கிக் குடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

உச்சிக்குப் பிறகு கூட்டம் கூடியது. அம்மனுக்கு வாரி இறைத்துச் சூறை விடுவதற்காக, விளைந்த பருத்தியும் வத்தலும் மூட்டை கட்டிக்கொண்டு சம்சாரிகள் வந்தபடி இருந்தார்கள். பதிமூன்றாவது கொட்டையை எறிந்துவிட்டுத் திரும்பினால், தெற்கு ரதவீதிக்குக் குறுக்கே கயிறு.

"இனி இந்தப் பக்கம் போக முடியாது" என்றார் போலீஸ்காரர்.

"ரெண்டே ரெண்டு சுத்து, சார்."

"எல்லாருக்கும் சாமி பாக்கணும்மா. அங்கன நில்லு."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மறுபடியும் கேட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை. கூட்டம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. அந்தக் கூட்டத்துக்குள் அழுதாள், யாரும் கவனிக்கவில்லை.

வீடு வந்தபோது அம்மா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்திருந்தாள். மூச்சு தோள்வரை ஏறி இறங்கியது.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா."

"தாவணி முனைய அவுரு."

வள்ளி அசையவில்லை. பேச்சித்தாயே கையை நீட்டி முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு கொட்டைகள் மெத்தையில் விழுந்தன.

"கயிறு கட்டிட்டாங்கம்மா. கேட்டேன். விடல."

பேச்சித்தாய் அந்த இரண்டையும் பார்த்தாள். பிறகு மகளின் பாதங்களைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு அப்பா எத்தன எண்ணுனாக?"

"ஒம்பது."

"மத்த நாளு?"

"பதினொண்ணு."

"என்னைக்காவது கொறச்சு நடந்துருக்காகளா?"

அன்று நெஞ்சுவலியோடு ஒன்பதிலேயே திரும்பியிருக்கலாம். பதினொன்றும் நடந்துவிட்டு எண்ண முடியாமல் போயிருக்கலாம். எதற்கும் சாட்சி இல்லை. இது அம்மாவுக்கும் தெரியும் என்பது அவள் பார்வையில் இருந்தது.

"இல்லம்மா" என்றாள் வள்ளி.

"அப்போ இந்த ரெண்டும் அவுக நடந்ததுதான். வாசல்ல எறி."

எறிந்துவிட்டு வந்தாள். அம்மாவின் கை நீண்டிருந்தது. ஒரு மாத்திரையை அதில் வைத்தாள்.

"லாபம்" என்றாள் பேச்சித்தாய், மூச்சு வாங்கியபடி. விழுங்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

ரெண்டு என்று சொல்ல வள்ளிக்கு நெடுநேரம் ஆயிற்று.