மூன்று தரம் அமத்திய பொத்தான்

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் ஒஸ்வால்ட் நசுங்கிச் செத்தபோது யதுஷா முப்பது அடி தள்ளி, காவலாளி அறையின் நிழலில் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை பத்து இருபது. கிரேனின் கமராப் படம் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது என்று முற்றத்திலிருந்து முறைப்பாடு போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தாள்.

கத்தல் எதுவும் முதலில் கேட்கவில்லை. இரும்பில் இரும்பு குந்தும் சத்தம் கேட்டது. அந்த முற்றத்தில் நாளுக்கு நூறு தரம் கேட்கிற சத்தம்தான், ஆனால் இந்தத் தரம் அது அரைவாசியில் தடுக்கி, பிறகு மெதுவாக, எதையோ பிழிந்துகொண்டு போய் முடிந்தது. யதுஷா தலையை நிமிர்த்தினாள். கிரேன் இறக்கிய நீலப் பெட்டியின் அடியில், கீழ்க் கொள்கலனின் மூலைப் பூட்டைச் சரிசெய்யக் குனிந்திருந்த ஒஸ்வால்டின் இடுப்புக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கால்கள் மட்டும் ஏணிப் படியில் நின்றன. பிறகு அவையும் மடிந்தன. நீலப் பெட்டியின் விளிம்பால் இரத்தம் வழிந்து, அடியில் நின்ற இருவரின் மஞ்சள் தொப்பியில் விழுந்தது.

அந்தக் கிரேனை ஆட்டுவிக்கும் சின்னக் கணினிப் பலகைக்கு உயிர் கொடுத்தவள் யதுஷா. இருபத்தொன்பது வயது. பழைய இயந்திரங்களுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பலகை பொருத்திக் கொடுக்கும் இராஜநாயகத்தின் நிறுவனத்தில் நாலு வருடமாக வேலை செய்கிறாள். இயங்குதளத்தின் அடிமடியில் இருந்து இரும்போடு நேரே கதைக்கிற பகுதி கேர்னல். பலகையோடு வந்த கேர்னலில் உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்கும் இடம் இருந்தது: பாட்டுப் பெட்டி, பிரின்டர், விளையாட்டுப் பிடி. மூன்று கிழமை இருந்து, ஆயிரக்கணக்கான தெரிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டாததை வெட்டினாள். மோட்டர், பொத்தான்கள், கமரா, அவ்வளவுதான் மிச்சம். பொத்தானை அமத்தினால் கண் இமைக்க முதல் மோட்டருக்குச் சேதி போக வேண்டும் என்பதற்காக நேரக் கணக்கைத் திருப்பித் திருப்பி அளந்து இறுக்கினாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது.

பலகையில் வொட்ச்டோக் என்று ஒரு சிப்பும் இருந்தது. மோட்டரை ஓட்டும் நிரல் விநாடிக்கு ஒரு தரம் அதைத் தட்டிக் கொடுக்க வேண்டும். தட்டு வராவிட்டால் நிரல் எங்கேயோ சிக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அது மோட்டரின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பரீட்சை ஓட்டத்தில் அது அடிக்கடி துண்டித்தது. கமராவை இயக்கும் டிரைவர் என்ற நிரல் இடைக்கிடை முழுக் கணினியையும் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம் என்று யதுஷா கண்டுபிடித்தாள். திருத்த இன்னும் பத்து நாள் வேண்டும் என்று கேட்டாள். கிரேனை ஒப்படைக்கும் நாள் அது. வாடிக்கையாளர் கீழே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அந்த வொட்ச்டோக்கை இப்போதைக்கு ஓஃப் பண்ணுங்கோ. பிறகு பாப்பம்," என்றார் இராஜநாயகம்.

அவள் மறுக்கவில்லை. கேர்னல் கோப்பில் வொட்ச்டோக்குக்குரிய வரியின் கடைசியில், ஆம் என்பதற்கு இருந்த 'y'யை இல்லை என்கிற 'n' ஆக்கினாள். நாற்பது நிமிடத்தில் புதிய கேர்னல் தயாரானது. கிரேன் அன்று முழுக்க ஒரு தரமும் நிற்கவில்லை, வாடிக்கையாளர் கைகொடுத்தார். யதுஷா இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். பிறகு பேலியகொடையில் மீன் குளிரூட்டும் அறை வேலை வந்தது. அந்த 'n' ஏழு கிழமை அப்படியே கிடந்தது.

இது எல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கியது, நீலப் பெட்டியிலிருந்து இரத்தம் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே. படம் உறைந்தது என்றார்களே, அது படம் மட்டும் உறைந்ததல்ல.

மற்றவர்களுக்கு விளங்கியது வேறு. கிரேன் ஓட்டுநர் அழகுமுத்து மேலே கண்ணாடிக் கூண்டில் இருந்தான். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து தெமட்டகொடையில் குடியிருப்பவன், நாற்பது வயது, அதிகம் கதைக்காதவன். செத்தவனின் தம்பி டெரன்ஸ் ஏணியில் பாய்ந்து ஏறினான். கூண்டின் கதவு திறக்கும் முன்பே கண்ணாடி உடைந்தது. அழகுமுத்துவைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தான். அழகுமுத்து ஏணியின் கடைசி எட்டுப் படியை முதுகால் இறங்கினான்.

கீழே பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒஸ்வால்டோடு கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் பாதிப் பேர். ஓட்டுநர் குடித்திருந்தான் என்று யாரோ சிங்களத்தில் சொன்னான், போனில் கதைத்துக்கொண்டிருந்தான் என்றான் இன்னொருவன். முதல் உதை வயிற்றில் விழுந்தது. அழகுமுத்து முழங்காலில் எழும்பி, கையெடுத்துக் கும்பிட்டான்.

"மூனு தடவ அமுக்கினேன்யா. நிக்கல. சத்தியமா நிக்கல."

டெரன்ஸ் பூட்ஸ் காலால் அவன் வாயில் உதைத்தான். பற்கள் கொங்கிறீற்றில் சிதறின. பிறகு யார் அடித்தது, யார் பிடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பலகைத் துண்டால் அடித்தார்கள், பெல்ட்டால் அடித்தார்கள். ஒருவன் அவன் கைவிரல்களின் மேல் ஏறி நின்றான். கொள்கலன்களைக் கட்டுகிற இரும்புத் தடியை டெரன்ஸ் எடுத்துவந்தான். தடி விலாவில் இறங்கிய சத்தம் யதுஷாவுக்குக் கேட்டது. காவலாளிகள் இருவரும் கேற்றைப் பூட்டிக்கொண்டு அதன் வெளிப்பக்கம் நின்றார்கள்.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் அந்தத் தடி யார் பக்கம் திரும்பும் என்பதும் யதுஷாவுக்குத் தெரியும். கால்கள் அசைய மறுத்தன. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேறு யாராவது நிறுத்துவார்கள், இப்ப நிறுத்துவார்கள் என்று நின்றாள். நாலு நிமிடம் அப்படி நின்றாள். பிறகு பொலிஸ் அந்த முற்றத்துக் கமராவில் பார்த்துச் சொன்ன கணக்கு அது.

தடியின் முனை அழகுமுத்துவின் முகத்தில் இறங்கியது. அவன் மனிதக் குரல் இல்லாத ஒரு குரலில் அலறினான். அப்போதுதான் அவளுடைய கால்கள் விடுபட்டன. மடிக்கணினி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஆட்களைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் அவன்மேல் குப்புற விழுந்தாள். ஓங்கிய தடி அவளுடைய இடது தோளில் விழுந்தது. காறையெலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தன் காதுக்குள்ளேயே கேட்டது.

"அவர் அமத்தினவர்," என்றாள். "மெஷின்தான் நிக்கேல்ல. நிக்கிறதுக்கு இருந்ததை ஓஃப் பண்ணினது நான். அவர் இல்ல, நான்."

அதையே சிங்களத்திலும் சொன்னாள். டெரன்ஸ் அவளுடைய தலைமயிரைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தான். அவனுடைய கன்னத்தில் அண்ணனின் இரத்தம் அப்பியிருந்தது. தடியை மறுபடி ஓங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி வரவில்லை. பின்னால் இருந்து இருவர் அவனைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். அவன் திமிறித் திமிறிக் கடைசியில் தரையில் குந்தி, நெற்றியால் கொங்கிறீற்றில் இடிக்கத் தொடங்கினான்.

பொலிஸ் வந்தது, அம்புலன்ஸ் வந்தது. முதலில் அழகுமுத்துவைக் கொண்டுபோனார்கள். யதுஷாவின் கையைத் துணியால் கழுத்தோடு கட்டி, அடுத்த வண்டி வரும்வரை இருக்கச் சொன்னார்கள். அதற்குள் இராஜநாயகம் வந்துவிட்டார். பொலிஸ்காரர்கள் பிரேதத்தை எடுக்க இன்னொரு கிரேன் தேடி ஓடுகிற நேரம், அவர் அவளை விபத்து நடந்த கிரேனின் அடியில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

அவர் பதறவில்லை. வொட்ச்டோக் உள்ள பழைய கேர்னல் தன் மடிக்கணினியில் இருக்கிறது என்றார். அதைப் பலகையின் மெமரி கார்டில் எழுதி, திகதியை ஏழு கிழமை பின்னுக்குப் போட்டு, நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் லொக்கை அழித்துவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. ஓட்டுநர் பொத்தானையே தொடவில்லை என்று ஆகிவிடும். அவன் எப்படியும் பிழைக்கமாட்டான் என்றும் சொன்னார்.

யதுஷா அவருடைய மடிக்கணினியின் கேபிளைப் பலகையில் சொருகினாள். அவர் சொன்னதைச் செய்யப் போகிறாள் என்றே நினைத்தார். ஒற்றைக் கையால் அவள் கேர்னல் லொக்கைத் திறந்தாள். பத்து மணி இருபது நிமிடம்: நிறுத்தற் பொத்தான். அதற்கு அடுத்த வரி: நிறுத்தற் பொத்தான். அடுத்ததும் அதுவே. மூன்று தரம் அமத்திய அடையாளம் இருந்தது. அதன் கீழே, கமரா டிரைவர் கணினியை நாலு விநாடி பிடித்து வைத்திருந்தது என்று கேர்னல் தானே எழுதியிருந்தது. சேதி வந்துசேர்ந்திருக்கிறது, மோட்டர் வரைக்கும் அதைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. அவள் கேபிளைக் கழற்றினாள். பிறகு மெமரி கார்டை நகத்தால் நெம்பி எடுத்தாள்.

"தாங்கோ அத," என்றார்.

அவள் கையை மூடிக்கொண்டாள். இராஜநாயகம் முறிந்த தோளில் பெருவிரலை வைத்து அழுத்தினார். உலகம் வெள்ளையாகிப் போனது. அவள் சுவரோடு சரிந்தபோது அவர் குனிந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார். சின்னவிரலைப் பின்பக்கமாக மடித்தபோது அது சடக்கென்றது. அவருடைய மணிக்கட்டு அவளுடைய வாய்க்குக் கிட்ட இருந்தது. யதுஷா கடித்தாள். பல் தோலைத் தாண்டி, நரம்பைத் தாண்டிப் போகும்வரை கடித்தாள். அவர் மற்றக் கையால் அவளுடைய காதைப் பொத்தி அறைந்தார், இரண்டு தரம், மூன்று தரம். அவள் விடவில்லை. அவர் கத்திக்கொண்டு கையை உருவியபோது சதைத் துண்டு ஒன்று அவளுடைய வாயில் மிஞ்சியது. அதைத் துப்பினாள். கதவை உடம்பால் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் ஓடினாள்.

முதலில் கண்ட பொலிஸ் அதிகாரியிடம் இரத்தம் ஒட்டிய கையை நீட்டினாள். "சேர், மேக்க கன்ன," என்றாள். இதை எடுங்கள் என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் கார்டை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். பின்னால் வந்த இராஜநாயகம், பெண்ணுக்கு அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்றார். அதிகாரி அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளுடைய வாயைப் பார்த்தார். இருவரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

ஒஸ்வால்டின் சவப்பெட்டியைத் திறக்காமலே கொட்டாஞ்சேனையில் அடக்கம் செய்தார்கள். டெரன்ஸும் மூன்று பேரும் பிணை கிடைக்காமல் விளக்கமறியலில் இருந்தார்கள். இராஜநாயகம் பிணையில் வந்தார். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் அவர் முதலாவது எதிரி, யதுஷா இரண்டாவது. ஒரு கணினி நிபுணர் கார்டைப் பார்த்து, வொட்ச்டோக் இருந்திருந்தால் பெட்டி ஒஸ்வால்டின் தலைக்கு மேலேயே நின்றிருக்கும் என்று அறிக்கை கொடுத்தார். அழகுமுத்துமேல் பிழை இல்லை என்றும் அதில் இருந்தது.

பதினெட்டாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அழகுமுத்துவின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இடது கண் போய்விட்டது, ஒரு காதும் கேட்கவில்லை. மனைவி எழும்பித் தன் கதிரையை யதுஷாவுக்குக் கொடுத்தாள். தன் புருசனின்மேல் விழுந்து அடி வாங்கியவள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யதுஷா அதில் உட்காரவில்லை. வொட்ச்டோக்கைப் பற்றி, அந்த ஒற்றை எழுத்தைப் பற்றி, நின்றுகொண்டே சொன்னாள். அழகுமுத்து மிச்சமிருந்த கண்ணால் அவளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, கட்டிய தாடையைத் திறக்காமல், மெதுவாகக் கேட்டான்.

"அவுங்க அடிச்சப்ப நீங்க எங்க மிஸ் நின்னீங்க?"

"அங்கதான் நிண்டனான்."

"மொதல்ல இருந்தா?"

"ஓம். முதல்ல இருந்து. பயத்தில வரேல்ல."

மனைவி கதிரையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அழகுமுத்துவின் விரல்கள், கட்டுப் போட்டபடியே, போர்வையைப் பிறாண்டின.

"போங்க," என்றான். "கோர்ட்டுல இதையும் சேத்துச் சொல்லுங்க."

ஓகஸ்ட் மாதம் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, அதைச் சொல்லத் தேவையில்லை என்று அவளுடைய சட்டத்தரணி இரண்டு தரம் தடுத்தார். யதுஷா அந்த நாலு நிமிடத்தையும் சொன்னாள். எங்கே நின்றாள், கையில் என்ன வைத்திருந்தாள், யார் எதனால் அடித்தது, எந்த அடியோடு ஓடினாள் என்று வரிசையாகச் சொன்னாள். பின் வாங்கில் இருந்த அழகுமுத்து, கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, முடியும்வரை அசையாமல் இருந்தான்.