கொலுப்படிக்குக் கீழே கப்பல்

பீர் டப்பா என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. நம் யதிராஜன் அதை ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்தவன் இல்லை. மதுவிலக்கு இருந்த எழுபதாம் வருஷம் அது. திருவள்ளூரில் அவன் தகப்பனாருக்குக் கோயில் கைங்கர்யம்; அவனுக்கு எண்ணூர் பவர் ஹவுஸில் குமாஸ்தா வேலை. அந்நியக் கப்பல்காரர்கள் குடித்துவிட்டு எறிகிற டப்பாக்கள் எண்ணூர்க் கரையில் ஒதுங்கும். சிங்கம், கிரீடம், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். அந்தப் படங்களில்தான் அவனுக்குப் பித்து.

கரையில் கருவாடு காயவைக்கும் அஞ்சம்மாள் அவனுக்காகப் பொறுக்கி வைப்பாள். ஒரு நாள் கப்பல் படம் போட்ட சிவப்பு டப்பாவை நீட்டினாள்.

"இன்னா சாமி, அவன் அவன் உள்ள இருக்கறதுக்கு அலையறான். நீ காலி டப்பாவுக்கு அலைஞ்சிக்கினு கீற."

டப்பா நசுங்கிக் கிடந்தது. திருவள்ளூர் வீட்டுக் கொல்லையில் அதைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தான். ஓட்டை வழியாகக் கொள்ளுத் தானியத்தைப் போட்டு, தண்ணீர் விட்டு, மரத்துண்டால் இறுக்கி அடைத்தான். கொள்ளு ஊறி உப்ப உப்ப, நசுங்கல் உள்ளிருந்து நிமிர்ந்து வந்தது. பிறகு கொள்ளைக் கம்பியால் குடைந்தெடுத்துப் பசுவுக்கு வைத்தான். எல்லா டப்பாவுக்கும் இதே வைத்தியம்தான்.

மனைவி வைதேஹிக்கு இது பிடிக்கவில்லை. கொலுவுக்கு வருகிற மாமிகள் கண்ணில் பட்டால் மானம் போய்விடும், நவராத்திரிக்குள் அத்தனையும் காயலான் கடைக்குப் போயாக வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

கொலு வைக்கிற அன்று பரணிலிருந்து படிப்பெட்டிகளை இறக்கினால், பொலபொலவென்று உதிர்ந்தன. கரையான். பலகைகள் மட்டும் தப்பியிருந்தன. வீட்டிலிருந்த பெட்டியையும் டின்னையும் முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. மேலே வைத்த பெருமாள் தள்ளாடினார்.

தன் டப்பாக்கள் எல்லாம் ஒரே உயரம், மணல் நிரப்பி அடுக்கினால் கல் மாதிரி நிற்கும் என்று யதிராஜன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வைதேஹி தள்ளாடிய பெருமாளை இறக்கிக் கீழே வைத்தாள். கடைசியில், வெளியே தெரியாமல் வேஷ்டியால் மூட வேண்டும், பண்டிகை முடிந்த மறுநாள் காயலான் கடை என்று ஒப்புக்கொண்டாள்.

தெருவிலேயே ஆசாரத்துக்குப் பேர்போன அம்புஜவல்லி மாமி வந்தாள். சேவித்து எழுந்திருக்கையில் கால்விரலில் வேஷ்டி மாட்டி விலகியது. சிவப்புக் கப்பல் பளிச்சென்று தெரிந்தது.

இதில் என்ன இருந்தது என்று மாமி கேட்டாள். பிஸ்கோத்து என்று சொல்லியிருக்கலாம். பெருமாள் எதிரே யதிராஜனுக்குப் பொய் வரவில்லை. பீர் என்றான்.

மாமி வைதேஹியின் பக்கம் திரும்பினாள். "இவன் குடிச்சானாடி?"

வைதேஹி கணவன் முகத்தைப் பார்த்தாள். அது அந்த டப்பா வந்த அன்று இருந்த மாதிரி நசுங்கிப்போயிருந்தது.

"குடிச்சது கப்பல்காரா, மாமி. கொள்ளு தின்னது எங்காத்துப் பசு. இவர் தேய்ச்சதோட சரி."

மாமி சிரித்த சிரிப்பில் கழுத்துப் பவழமாலை குலுங்கியது. பலகையை அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. போன வருஷம் இந்தப் படி ஆடியதை அவள் மறக்கவில்லை. நசுங்கின டப்பாவைக் கொள்ளு நிமிர்த்தின கதையைக் கேட்டு, கொள்ளு எவ்வளவு, எத்தனை நேரம் ஊறணும் என்றெல்லாம் விசாரித்தாள். கணவனை வாய் திறக்கவிடாமல் வைதேஹியே எல்லாவற்றையும் விளக்கினாள்.

பண்டிகை முடிந்து காயலான் கடைக்காரன் வந்தான். வைதேஹி கரையான் அரித்த பெட்டிகளின் ஆணிகளையும் தகரத்தையும் அள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு படி கூட வைக்கணும்" என்றாள். "அந்த அஞ்சம்மாகிட்ட சொல்லி வையுங்கோ."