கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தம்பியின் தையல் கடைப் படியேறி மூன்று வருஷமாகிறது. டிரைவரின் மகள் கல்யாணப் போட்டோவில் தன்னை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். முதலில் யார் பேசுவது என்பதில் அண்ணனுக்கும் வீறாப்பு.

எட்டு மாதம் முன்பு டிரைவரின் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது தெரிந்தது. வெடித்தால் ஆள் காலி. வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் ஒரு துணிக்குழாயை அனுப்பிப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"உங்க அப்பாவும் திடீர்னு வயித்து வலி வந்துதானே போனாரு? இது குடும்பத்துல வரும். கூடப்பிறந்தவங்களை ஸ்கேன் பார்க்கச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

பெரிய மனுஷன் தலையை ஆட்டினார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று மறுபரிசோதனையில் டாக்டர் மறக்காமல் கேட்டார். "எல்லாரும் பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று டிரைவர் கூசாமல் புளுகினார். வீடு வரும்வரை தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இன்று காலை அவர் கடைப் படியேறியதும், தம்பி மெஷினை நிறுத்தி ஸ்டூலை நகர்த்தினார். "உக்காருங்கண்ணே."

"உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்டா. எனக்கு வயித்துல ரத்தக்குழாய் வீங்கி..."

"உள்ள துணிக்குழாய் வெச்சாங்களா? கோட்டுக்கு லைனிங் கொடுக்கிற மாதிரி?"

"உனக்கெப்படித் தெரியும்?"

தம்பி அளவு நாடாவை விரலில் சுற்றினார். "எனக்கு வெச்சு ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க. நீங்களே வந்து பேசட்டும்னு இருந்துட்டேன்."

டிரைவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பிதான் முதலில் நிறுத்தினார்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"அவகிட்ட சொன்னா உன் காதுக்கு வந்துடுமேன்னு..."

"நானும் அதுக்குத்தான் சொல்லல."

போன வாரம் அக்கா போனில் சொன்னது டிரைவருக்கு நினைவு வந்தது. படுத்தால் தொப்புளுக்கு மேலே ஏதோ துடிக்கிறதாம். வாயுவாக இருக்கும் என்று சொல்லி இவர் போனை வைத்துவிட்டிருந்தார். வீங்கிய ரத்தக்குழாயும் அப்படித்தான் துடிக்கும். உடனே அக்காவின் எண்ணை அழுத்தினார்.

"அக்கா, தம்பி கடையில இருக்கேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்களா? இனிமே எனக்கு வேறென்னடா வேணும்?"

"ஒரு ஸ்கேன் வேணும்க்கா" என்றார் டிரைவர். "கிளம்பி இரு. நாங்க வர்றோம்."