நஃபீஸின் கம்ப்யூட்டர்

தென்காசி பஜாரில் சுஹைப்பிடம் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தால் அது வேறு மாடலாகத்தான் திரும்பும். அந்தக் காலத்தில் அரபு நாட்டிலிருந்து தூக்கி வந்த எம்.எஸ்.எக்ஸ் டூ என்ற கம்ப்யூட்டர் பெட்டிகள் இந்தப் பக்கம் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. படம் காட்டும் சிப்பைக் கழற்றி அடுத்த மாடலின் சிப்பை வைத்து, நிரல் பதிந்த ரோம் சிப்பையும் மாற்றினால் அது டூ பிளஸ். கை பிசகினால் போர்டு குப்பைக்கு. சுஹைப்புக்குப் பிசகியதே இல்லை. அந்தத் திமிரும் அவனிடம் கொஞ்சம் உண்டு.

கடையநல்லூர் முஃபீத் துபாயிலிருந்து லீவில் வந்தவன், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

“உம்மா வெள்ளிக்கிழமையானா இதைப் போட்டுப் பாக்குதாவ. டூ பிளஸ் ஆக்கித் தா மாப்ள. சந்தோசப்படுவாவ.”

சுஹைப் ஒருமுறை போட்டுப் பார்த்தான். திரையில் கம்பெனி முத்திரை, அதன் கீழே ஆங்கிலத்தில் நஃபீஸ் என்று ஒரு பெயர். இந்த மாடலில் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பழைய சொந்தக்காரன் எவனோ என்று நினைத்தான். குற்றாலத்துச் சாரல் காற்றில் பேட்டரி கசிந்து போர்டை அரித்துவிடும் என்பதால், பெட்டியைத் திறந்ததும் பழைய பேட்டரியைத்தான் முதலில் வெட்டுவான்; வேலை முடிந்ததும் புதியது வைப்பான். யாரையும் கேட்பதில்லை. அன்றும் கேட்கவில்லை.

வேலை அருமையாக முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவனே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தான். முஃபீத்தின் உம்மா மைமூன் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, கையேந்தியபடி திரைமுன் உட்கார்ந்தார். முத்திரை பளிச்சென்று வந்தது. கீழே ஒன்றும் இல்லை.

“பேரு எங்கே?” என்றார்.

முஃபீத் சுஹைப்பைப் பக்கத்தில் இழுத்தான். “எனக்கு மூத்த காக்கா நஃபீஸ் பேரு அது. நான் பொறக்கு முந்தி குற்றாலம் மெயின் அருவி வெள்ளத்துல போயிட்டாவ. அடக்கம் பண்ண மையித்துகூடக் கிடைக்கல. முந்தின நாளு அவுகளே அடிச்ச பேரு.”

“எங்கிட்ட ஏம்ல சொல்லல?”

“உள்ளதானே கிடக்கு, எங்கே போயிரும்னு நினைச்சேன்.”

அந்தப் பெயர் பேட்டரியின் தயவில்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது. ஒரு வயரைப் பற்றவைத்து வெளியிலிருந்து கரன்ட் கொடுத்துக்கொண்டே வெட்டியிருந்தால் தப்பியிருக்கும். சுஹைப் அவசர அவசரமாகக் கட்டளையை அடித்து, அதே பெயரைப் போட்டு, அணைத்து மறுபடி போட்டான். அதே இடத்தில் அதே பெயர் வந்தது.

“வந்துட்டு மாமி. பாருங்க.”

மைமூன் பார்த்தார். ஏந்திய கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

“அடக்குன கபுருன்னு ஒண்ணு இல்லாத புள்ளைக்கு நான் இங்கனதான் பாத்திஹா ஓதுவேன். அது அவன் கையால எழுதினது. இது நீ எழுதினது. அழிச்சிரு தம்பி.”

முஃபீத் ஏதோ சொல்ல வந்தான். உம்மா கையமர்த்தினார். சுஹைப் குனிந்த தலை நிமிராமல், தானே அடித்த பெயரைத் தானே அழித்தான்.