ரெண்டும் எரியுது

1

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டும் எரியுது" என்றது. இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த முதல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அந்தி சாயும் வேளையில், செக்கச் சிவந்த...' வேண்டாம், அடித்துவிட்டேன்.

தையல்காரி காரின் டிக்கியைத் திறந்தாள். இது போதும். அப்பா விட்டுப்போன கார். தைத்த துணிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது அதில்தான். விற்றே தீருவேன் என்று நிற்கிறான் அண்ணன்.

"பின்னாடி ரெண்டு லைட்டும் போச்சு. மாத்தத் துப்பில்ல, உனக்கெதுக்குக் கார்?"

"நானே மாத்திட்டா?"

"வண்டி உனக்கு. இல்லேன்னா வித்துடுவேன். சாயங்காலம் வாங்குற ஆளோட வர்றேன்."

(அண்ணனைக் கொஞ்சம் நல்லவனாக எழுதக் கூடாதா என்றாள் என் மனைவி. எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

பழசைக் கழற்றி, புதுசைப் பொருத்தி, நட்டை முடுக்கினாள். பிரேக்கை மிதிக்கிறவளுக்குப் பின்விளக்கு தெரியாதே. உதவிக்குப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினேன். "நீங்க போங்க சார்" என்றாள். அவரையா என்னையா, தெரியவில்லை. துணி போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியை உள்ளேயிருந்து இழுத்து வந்து, காருக்குப் பின்னால் ரெண்டு ஸ்டூல் மேல் குறுக்காக நிறுத்தினாள். சத்தியமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

மிதித்தாள். கண்ணாடியில் ஒன்றுதான் எரிந்தது.

பேசாமல் அவளைத் தோற்கவிட்டு, உருக்கமாக... சீ.

மறுபடி கழற்றினாள். பிசிறு வெளியே தெரிந்தால் பொறுக்காத கை அது. துணியின் ஓரத்தை மடிப்பதுபோல வயரையெல்லாம் உள்ளே மடித்துச் சொருகியிருந்தாள். அதில் பிளக் கழன்றிருந்தது. "எல்லாம் பழக்கதோஷம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிளக்கை அழுத்தி மாட்டி, வயரை அதன் போக்கில் விட்டாள்.

4

அண்ணன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். நடக்கிற காரியமா? கிழித்துப் போட்டேன்.

அவன் வந்தபோது அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி நின்னு பார்த்துச் சொல்லுண்ணா."

"எரியுது."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் எரியுது."

"சரியா கேக்கலண்ணா."

"ரெண்டும் எரியுதும்மா."

வாங்க வந்த ஆள் நைசாக நழுவிவிட்டான். அவள் காலை எடுத்து மறுபடி மிதித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போதும்மா, கதையை முடிக்கணும்" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இப்போண்ணா?" என்கிறாள்.

இன்னும் எத்தனை தடவை என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அவளை நிறுத்தச் சொல்வதாக இல்லை.