முதுகோடு முதுகு

வார விடுமுறையில் கண்காட்சிக் கூடம் பூட்டித்தான் கிடக்கும். அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எனக்கு எப்படி இருக்கும்?

"பூட்டின கூடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"வளையத்துக்கு எண்ணெய் போடணும்."

எண்ணெய் போட எதற்கு வெள்ளைச் சட்டை? என் காதில் பூ சுற்றுகிறாராம்.

அவர் செய்த சிற்பம் அது. முதுகோடு முதுகாக இரண்டு இரும்பு நாற்காலிகள். நடுவில் ஆள் தலை தெரியாத உயரத்துக்குச் சாய்மானம், அதற்கும் மேலே ஒரு செப்பு வளையம். ஒருவர் உட்கார்ந்தால் அசையாது. இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் சுற்றும். "உட்கார்றவங்க இல்லாட்டி அது வெறும் இரும்பு" என்பார். நாற்காலிகளை எதிரெதிராக வைத்தால் என்ன என்று கேட்டதற்கு மழுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து நானும் போனேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலிகளில் யாரும் இல்லை. ஆனால் வளையம் மெல்லச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. இரும்பைத் தொட்டேன், இன்னும் சூடு. வரட்டும் அந்த மகராசி, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே குழாய்ச் சத்தம். பிறகு செருப்புச் சத்தம். சாய்மானத்துக்கு அந்தப்பக்கம் யாரோ உட்கார, வளையம் மறுபடி வேகம் பிடித்தது.

ஒரு கனைப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்காரரின் அண்ணன்! நாலு பேர் முன்னால் என் அப்பாவை ஒன்றுக்கும் உதவாதவர் என்று சொன்னவர். "இனி அண்ணன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அன்றே வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மனுஷர் முகத்தில் முழிக்கவே இல்லை. சத்தியமும் கெடாமல், என் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறார்.

"வந்துட்டியாடா?" என்றார் அண்ணன். "உன் பொண்டாட்டிக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னியே. இன்னையோட நிறுத்திக்கலாம். அவ கோவமும் நியாயம்தானே. வீட்டுல சண்டை வேணாம்."

குரல் கம்மியிருந்தது. திட்டுவதற்கென்று எழப் போனவள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தேன். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

வாசலில் வீட்டுக்காரர், கையில் இரண்டு டீயோடு. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு டீ வாங்கிட்டு வாங்க," என்றேன். "நானும் இருக்கேன்ல?"

அந்தப்பக்கம் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். வளையம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.