கீல் இடுக்கு

"பவானி, நாளைக்கு பிள்ள கெளம்புறப்ப நீ அடுப்படியிலேயே இரு" என்று விஜயராணி சொன்னபோது, பவானேஸ்வரி ஏற்கெனவே அடுப்படியில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அது. பெம்பானில் பவானேஸ்வரியின் சின்ன வரிசை வீட்டின் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, தேநீர் வருவதற்குள் விஜயராணி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டிருந்தாள். காலை ஏழிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். வாசல் கேட்டிலிருந்து தாம்பாளத்தோடு எதிரே வரப்போவது அவளே. மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையம் வரை காடி ஓட்டப்போவது அவள் கணவர் சாமிக்கண்ணு. பவானேஸ்வரியின் மகள் ராகினி வலது காலை வைத்து இறங்க வேண்டும். இறங்கிய பிறகு பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது.

பவானேஸ்வரி "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள். அந்த 'சரிங்க அண்ணி' ஏழு வருடமாக அவள் நாக்கில் தயாராகவே இருந்தது. கேள்வி முடிவதற்கு முன்பே சில சமயம் வந்துவிடும்.

பவானேஸ்வரியின் கணவன் மணியம் இறந்து ஏழு வருடமாகிறது; விஜயராணி அவனுடைய அக்காள். பாச்சாங்கில் வீடு. கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தம்பி போனதிலிருந்து ஒரு தீபாவளிக்குக்கூட அவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் துணி எடுத்துக் கொடுக்கத் தவறியதில்லை. முற்போக்கானவள் என்ற பெயரும் அவளுக்கு உண்டு. அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான். பவானி கலர் புடவை கட்டலாம் என்றாள். பொட்டு வைக்கலாம் என்றாள். செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகலாம் என்றும் தாராளமாக அனுமதித்தாள். நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பும்போது எதிரே மட்டும் வரக் கூடாது. அவ்வளவுதானே, அதுகூடவா முடியாது?

முடிந்தது. பவானேஸ்வரி அதில் நல்ல தேர்ச்சியும் பெற்றிருந்தாள். கூடத்தில் சப்பாத்து மாட்டும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதை வைத்துவிட்டு, திறந்திருக்கும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள். இத்தனைக்கும் தொழிற்சாலை பஸ் விடியற்காலையில் முதலில் ஏற்றுவது அவளைத்தான். டிரைவர் தினமும் முதன்முதலாகப் பார்ப்பது அவள் முகத்தைத்தான். ஏழு வருடத்தில் அந்த பஸ்ஸுக்கு ஒரு டயர் வெடித்ததில்லை. ஆனால் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் விஜயராணியிடம் இல்லை.

ராகினி போகப்போவது கோலாலம்பூரில் ஒரு கலைக் கல்லூரிக்கு, நாடகத் துறையின் தேர்வுக்கு. விஜயராணி தன் சொந்தக்காரர்களிடம் "கம்யூனிகேஷன் படிக்கப் போறா" என்று சொல்லி வைத்திருந்தாள். நாடகம் என்று சொன்னால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளை இன்னும் யாரென்றே தெரியாது. அவன் வீட்டாருக்கு மட்டும் விஜயராணி இப்போதே பயந்துகொண்டிருந்தாள். பிள்ளை தேர்வாகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது, பவானி வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து பவானேஸ்வரிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. முகமூடியும் தலையுறையுமாகத் தன் பக்கத்து மேசையில் ராகினி உட்கார்ந்திருப்பது போல அடிக்கடி அவளுக்குத் தோன்றும்.

தேர்வுக்கு இரண்டு உருப்படிகள் தயார் செய்ய வேண்டும். ஒன்று, மனப்பாடமாகப் பேசும் வசனம். அதை ராகினி இரண்டு மாதமாகக் குளியலறையில் பேசிப் பேசி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது. இரண்டாவதுதான் தொல்லை. தினமும் பார்க்கும் ஒரு மனிதரைப் பேச்சே இல்லாமல் இரண்டு நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் இருந்ததுபோல் அந்த மனிதர் கடைசியில் இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிறவரை முயன்று பார்த்தாள். தபால்காரரை முயன்றாள். விஜயராணியையும் முயன்றாள். அது அச்சு அசலாக வந்து, பவானேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனால் அத்தை கடைசியில் மாறுவதாக நடித்தால் யார் நம்புவார்கள் என்று ராகினியே அதைக் கைவிட்டாள். பிறகு பத்து நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ பழகிக்கொண்டிருந்தாள். யாரை என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

தேநீர் குடித்த தெம்பில் விஜயராணி, நடித்துக் காட்டச் சொன்னாள். ராகினி முதலில் தயங்கினாள். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

கையில் ஏதோ வேலையாக இருக்கும் ஒருத்தி. திடீரென்று காதைத் தீட்டுகிறாள். கையிலிருப்பதைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறாள். இரண்டே எட்டில் ஒரு கதவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறாள். ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைத்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மூச்சுவிடாமல் நிற்கிறாள். நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள்.

விஜயராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யார் வீட்டுத் திருடிடி இவ?" என்றாள். சாமிக்கண்ணு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையாக இருக்கும் என்றார். ராகினி, இன்னும் முடிவு சரியாக வரவில்லை என்று மட்டும் முனகினாள்.

தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த பவானேஸ்வரி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் விரலில் முந்தானை நுனி சுற்றியிருந்தது. மெல்ல அவிழ்த்துக்கொண்டாள். சொந்த நாத்தனாருக்கும் அவள் புருஷனுக்கும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அவர்களுக்கு என்றைக்காவது அவசியம் வந்திருக்கிறதா?

விஜயராணியின் காடி தெருமுனை திரும்பியதும் அவள் மகளை அழைத்தாள். "நீ பண்ணது தப்பு."

ராகினியின் முகம் வாடியது. "கோவமாம்மா? வேணாம்னா தபால்காரரயே பண்ணிர்றேன்லா."

"அதில்ல. மூஞ்சிய சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டியே, நான் எங்க அப்படி நிக்கிறேன்?" மகளின் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். "இந்த ரெண்டு கீலுக்கும் நடுவுல பாரு."

ராகினி கண்ணை வைத்துப் பார்த்தாள். கதவுக்கும் நிலைக்கும் இடையில் விரல் அகல இடுக்கு. டிவி தெரிந்தது, சப்பாத்து அடுக்கு தெரிந்தது, வாசலும் கேட்டும்கூடத் தெரிந்தன.

"எல்லாம் பாத்துக்கிட்டா இருந்த?"

"எஸ்.பி.எம். பரீட்சை அன்னிக்கு உன் சப்பாத்துக் கயிறு அவுந்து கெடந்துச்சி. பின்னாலேந்து கூப்பிடக் கூடாதே. பாத்துக்கிட்டே நின்னேன். கேட் பக்கத்துல விழுந்த."

அன்று விஜயராணி வெகுநேரம் விசாரணை நடத்தி, கடைசியில் பழியைப் பக்கத்து வீட்டுப் பூனைமேல் போட்டிருந்தாள். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ராகினி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ என்னைப் பாக்காம திரும்பிக்கிறன்னுதான்மா இத்தன வருஷமா நெனச்சேன்."

அப்படி ஒரு எண்ணம் பிள்ளைக்கு வரும் என்று பவானேஸ்வரி நினைத்ததே இல்லை. 

கொஞ்சம் கழித்து ராகினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழைய கேலிக்குத் திரும்பினாள். "சரி, இந்த அம்மா கடைசில மாறணுமே. அதுக்கு என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? நான் இப்படியேதான் நிப்பேன்."

"அப்ப நான் ஃபெயில்தான். உன் பக்கத்து மேசைய தொடச்சி வைக்கச் சொல்லு."

பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பவானேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே விஜயராணி பட்டுப் புடவையில் வந்து இறங்கினாள். தாம்பாளத்தில் பூ, பழம், குங்குமம். வழியில் சாப்பிட இட்லியைக் கட்டி ராகினியின் பையில் வைத்துவிட்டு, திருநீறு பூசி, பவானேஸ்வரி தன் இடத்துக்குப் போய் நின்றாள். சாமிக்கண்ணு காடியைக் கிளப்பினார். ராகினி சப்பாத்து அடுக்கின் பக்கத்தில் குனிந்தாள். இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. கயிறு இரண்டும் இறுக்கமாகத்தான் கட்டுகிறாள். பின்னல் சரியாக இருக்கிறது. தேர்வானால் இனி ஹாஸ்டல். மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். பவானேஸ்வரி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாம்பாளத்தோடு வாசலுக்குப் போன விஜயராணி, எதற்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அடுப்படிக் கதவு தெரிந்தது. கதவோரத்தில் ஒரு முழங்கையும் தெரிந்தது. நிழல்கூடப் படக் கூடாத நேரத்தில் முழங்கையா? தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "காத்து அடிக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

இடுக்கு மூடிக்கொண்டது.

பவானேஸ்வரியின் மூக்குக்கு நேரே வெறும் பலகை இருந்தது. வெளியே ராகினியின் பை சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. வரக் கூடாது என்றார்கள், வரவில்லை. கூப்பிடக் கூடாது என்றார்கள், கூப்பிடவில்லை. இருந்தது விரல் அகல இடுக்கு ஒன்றுதான். அதுவும் இவர்கள் கண்ணை உறுத்துகிறதா? ஏழு வருடமாக வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது.

கதவைத் திறந்தாள். கூடத்தைக் கடந்தாள். சக்கரப் பையோடு நின்ற மகளையும் கடந்து, வாசலில் வாய் பிளந்து நின்ற நாத்தனாரையும் கடந்து, நேரே கேட் வரைக்கும் போனாள். அங்கே திரும்பினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலை நிமிர்ந்து, மகளுக்கு நேர் எதிரே நடந்து வந்தாள்.

"எதுர வந்துட்டேன். கெளம்பு" என்றாள்.

 சாமிக்கண்ணு காடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராகினியின் கண் அம்மாவின் பாதத்திலிருந்து முகம்வரை ஏறி, மறுபடி பாதத்துக்கு இறங்கியது. கண் நிறைந்திருந்தது. ஆனால் அது நடிப்புக்காக அளவெடுக்கும் கண்ணாகவும் இருந்தது.

"இன்னொரு தடவ வாம்மா. கை எங்க இருந்துச்சின்னு சரியா பாக்கல."

பவானேஸ்வரி மறுபடி கேட்டுக்குப் போனாள். திரும்பினாள். இரண்டடி வைத்ததும் நின்றாள். வழி நடுவில் தாம்பாளமும் பட்டுப் புடவையுமாக விஜயராணி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் அடுப்படி பக்கமா நில்லுங்க. பிள்ளைக்கு மறைக்குது."

இதற்கு என்ன சாஸ்திரம் என்று விஜயராணிக்குத் தெரியவில்லை. தாம்பாளத்தோடு உள்ளே போய் நின்றாள்.